கட்டியில் பி53 குவிந்திருக்கிறது என்றால் நல்லதா, கெட்டதா?

உங்கள் கேள்வி ஒரு ரிப்போர்ட்டின் ஒற்றை வரியைப் பற்றியது. 34 வயதுத் தம்பிக்கு வலிப்பு வந்து, ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் கட்டி தெரிந்து, ஆபரேஷனும் முடிந்து, பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இருக்கிறது. ‘ஆஸ்ட்ரோசைட்டோமா, ஐடிஎச் மியூட்டன்ட், கிரேடு 2’ என்று முடிவு; அதாவது மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளின் சாயலில் வளர்ந்த, ஐடிஎச் மரபணுவில் பிழையுள்ள கட்டி. அதற்குக் கீழே ஐஎச்சி (ஆன்டிபாடியால் திசுவில் புரதங்களைத் தேடும் சோதனை) என்ற தலைப்பில் ஐடிஎச்1 ஆர்132எச் பாசிட்டிவ், ஏடிஆர்எக்ஸ் இல்லை, கேஐ-67 (பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் பங்கு) 4 சதவீதம், பி53 70 சதவீதம் ஸ்ட்ராங் பாசிட்டிவ். நெட்டில் தேடினால் பி53 புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்று போட்டிருக்கிறது. அது இவ்வளவு இருந்தும் கட்டி எப்படி வந்தது, நிறைய இருப்பது நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். இதற்குள் கேட்காத கேள்விகள் இரண்டும் இருக்கின்றன. அந்த 70 தம்பியின் ஆயுளைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? வீட்டில் மற்றவர்களுக்கும் வருமா?

நான் பேத்தாலஜிஸ்ட். மூளைக்கட்டி ஸ்லைடுகளைப் பார்த்து இப்படி ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. கீமோ, ரேடியேஷன் முடிவுகளை எடுப்பவன் அல்ல; உங்கள் தம்பியின் ஸ்லைடையும் நான் பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் எழுதியிருக்கும் வரிகளை வைத்து மட்டும் சொல்கிறேன். சுருக்கமான பதில் இது: அங்கே குவிந்திருப்பது பெரும்பாலும் வேலை செய்யாத பி53. வேலை செய்யாததால்தான் குவிந்திருக்கிறது. அந்த எண் கட்டியின் பெயரை உறுதிசெய்ய உதவியது. ஆயுளைக் கணிக்க அது உதவாது.

முதலில் நல்ல பி53 எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துவிடலாம். நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் இந்தப் புரதத்தைச் சதா தயாரித்துக்கொண்டே இருக்கின்றன, உடனுக்குடன் அழித்துக்கொண்டும் இருக்கின்றன. சாதாரணச் செல்லில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், அரை மணிக்குள்தான். அழிக்கும் வேலையைப் பார்ப்பது எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம். அது பி53-ஐப் பிடித்து, ‘இதைக் கழித்துவிடலாம்’ என்று அடையாளம் ஒட்டி, செல்லின் அழிப்புக் கூடத்துக்கு அனுப்பிவிடும். டிஎன்ஏவில் அடி விழுந்தால் இந்தப் பிடி தளரும், பி53 சட்டென்று பெருகும். நியூக்ளியஸுக்குள் நான்கு நான்காகக் கூடி டிஎன்ஏவில் உட்கார்ந்து, பி21 போன்ற மரபணுக்களை முடுக்கிவிட்டுச் செல் பிரிவதை நிறுத்தும். பழுது சரியானால் செல் பிழைக்கும், இல்லையென்றால் தானே சாகும். இதில் ரசிக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. பி53 முடுக்கிவிடும் மரபணுக்களில் எம்டிஎம்2-வும் ஒன்று. தன்னை அழிப்பதைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. ஆபத்து நீங்கியதும் அளவு பழையபடி இறங்கிவிட வேண்டுமல்லவா, அதற்காக. ஆரோக்கியமான மூளைத் திசுவை எடுத்து பி53 ஸ்டெயின் போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாததற்குக் காரணம் இதுதான். புரதம் இல்லாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர விடுவதில்லை.

கட்டிகளில் என்ன நடக்கிறது? 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும், பி53-ஐ உருவாக்கும் டிபி53 மரபணுவில் மியூட்டேஷன், அதாவது பிழை, விழுகிறது. மற்றத் தடுப்பு மரபணுக்கள் பலவற்றில் மியூட்டேஷன் என்றால் புரதமே உருவாகாமல் போவதுதான் வழக்கம். பி53 விஷயம் வேறு. இதில் விழும் பிழைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு, 393 அமினோ அமிலங்களில் ஒன்றை மட்டும் மாற்றிப் போடுபவை. புரதம் முழு நீளத்துக்கு உருவாகும்; டிஎன்ஏவைப் பிடிக்கும் இடம் மட்டும் கெட்டுப்போயிருக்கும். 175, 248, 273 என்று சில இடங்கள் திரும்பத் திரும்ப அடிபடும். உங்கள் தம்பிக்கு வந்திருக்கும் வகைக் கட்டியில் 273ஆம் இடத்து ஆர்ஜினைன் சிஸ்டீனாக மாறுவது மிகவும் சகஜம். அந்த ஆர்ஜினைன் டிஎன்ஏவை நேரடியாகத் தொடுகிற ஒன்று. அது போனால் பி53 டிஎன்ஏவில் சரியாக உட்கார முடியாது. உட்காராவிட்டால் எம்டிஎம்2-வை முடுக்கவும் முடியாது. அழிப்பவர் வருவது குறைய, கெட்ட புரதம் மணிக்கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது.

இந்த விளக்கம் பாடப்புத்தகத்தில் இருப்பது, பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் முழுக்கதை இல்லை. எலிகளின் மரபணுவிலேயே இப்படிப்பட்ட மியூட்டேஷனைப் புகுத்திப் பார்த்தபோது, அவற்றின் ஆரோக்கியமான திசுக்களில் கெட்ட பி53 பெரிதாகக் குவியவில்லை. கட்டி வந்த இடத்தில்தான் குவிந்தது. பிறவியிலேயே இந்த மியூட்டேஷனோடு இருக்கும் மனிதர்களிலும் அப்படித்தான்: உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பிழை இருக்கும், சாதாரணத் திசுவில் புரதம் குவிந்திருக்காது. ஆக, மியூட்டேஷன் மட்டும் போதாது. கட்டிச் செல்லின் உள்சூழலும் ஏதோ செய்ய வேண்டும். உருக்குலைந்த புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் எச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்கள் கெட்ட பி53-ஐ எம்டிஎம்2-விடமிருந்து காப்பாற்றுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குவிந்த கெட்ட பி53 சும்மா கிடக்கிறதா, அல்லது கட்டிக்குப் புதிதாக ஏதாவது உதவி செய்கிறதா என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. நான்காகக் கூடும்போது நல்ல பி53-ஐயும் கெடுத்துவிடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இனி உங்கள் 70 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஆபரேஷனில் எடுத்த திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து ஒரு சின்ன பிளாக்காக இருக்கும். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி ஸ்லைடில் ஒட்டுவார்கள். சூடாக்கி, புரதத்தைத் திறந்துவிட்டு, பி53-ஐத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். பெரும்பாலான லேப்களில் டிஓ-7 என்ற ரகம். அது ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறும், மற்ற நியூக்ளியஸ்கள் நீலமாக நிற்கும். நான் பார்ப்பது கட்டிச் செல்களின் நியூக்ளியஸ் எவ்வளவு அழுத்தமான பழுப்பு, அப்படிப்பட்டவை நூற்றுக்கு எத்தனை என்பதை. வெளிறிய பழுப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் ஒரு எண் வரும், நல்ல மூளைக்குள் ஊடுருவும் ஓரத்தில் வேறு எண் வரும். அதே ஸ்லைடை இன்னொரு பேத்தாலஜிஸ்ட் பார்த்தால் 60 என்றோ 80 என்றோ எழுதலாம், இருவரில் யாரும் தப்பு செய்ததாக ஆகாது. திசு ஃபார்மலினுக்குப் போகத் தாமதமானால் நிறமே மங்கும். எனவே 70-க்கும் 60-க்கும் நடுவில் எந்த அர்த்தமும் தேடாதீர்கள். ரிப்போர்ட் சொல்வது ஒன்றே: பெரும்பாலான கட்டிச் செல்களில் அழுத்தமாகக் குவிந்திருக்கிறது.

டிஓ-7 ஒட்டுவது பி53-இன் முன் நுனியில். மியூட்டேஷன் விழுவதோ நடுப்பகுதியில். அதனால் நல்ல பி53, கெட்ட பி53 இரண்டையும் அது ஒரே மாதிரிதான் பிடிக்கும். ஆபீஸ் வருகைப் பதிவேடு மாதிரி: ஆள் வந்திருக்கிறார் என்று கையெழுத்து சொல்லும், வேலை பார்க்கிறாரா என்று சொல்லாது. பி53 ஸ்டெயினைப் படிக்கும்போது வரும் குழப்பங்கள் எல்லாம் இதிலிருந்து கிளம்புபவை.

விஞ்ஞானிகளே இதில் பத்து வருடம் தடுமாறியிருக்கிறார்கள். 1979இல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும், அமெரிக்காவில் ஆர்னால்ட் லெவீன் குழுவும், இன்னும் சிலரும் தனித்தனியாக இந்தப் புரதத்தைக் கண்டார்கள். எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ் செல்லைப் புற்றாக மாற்றும்போது, வைரஸின் டி ஆன்டிஜென் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இது வந்தது. புற்றுச் செல்களில் நிறைய இருந்ததால், புற்றை உண்டாக்குவதே இதுதான் என்று முடிவு கட்டினார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட மரபணு நகல்களே மியூட்டேஷன் உள்ளவை என்பது பிறகுதான் தெரிந்தது. 1989இல் பெர்ட் ஃபோகல்ஸ்டீன் குழு பெருங்குடல் புற்றுகளில் 17ஆம் குரோமோசோமைத் துருவியபோது கதை தலைகீழானது: இது தடுக்கும் மரபணு, புற்றில் கெட்டுப்போகிறது. அதே வருடம் வந்த இன்னொரு கட்டுரையில் மூளைக்கட்டிகளிலும் அதே பிழை காட்டப்பட்டது. நீங்கள் ‘நிறைய இருந்தால் நல்லதுதானே’ என்கிறீர்கள். அவர்கள் ‘நிறைய இருக்கிறது, அப்படியானால் இதுதான் குற்றவாளி’ என்றார்கள். இரண்டு பக்கமும் அளவை வைத்து வேலையை ஊகித்ததுதான்.

குவிந்திருந்தால் மியூட்டேஷன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா? முடியாது. 1993இல் டேவிட் லூயிஸ் முதலானோர் ஆஸ்ட்ரோசைட்டோமாக்களை ஆராய்ந்து, மரபணுவில் பிழையே இல்லாமலும் பி53 குவிவதைக் காட்டினார்கள். டிஎன்ஏ சேதம், ஆக்சிஜன் பற்றாக்குறை, சமீபத்தில் கொடுத்த ரேடியேஷன் எல்லாம் நல்ல பி53-ஐயே உயர்த்தும். கட்டியே இல்லாமல், அடிபட்ட மூளையில் வரும் தழும்புச் செல்கள்கூட ஆங்காங்கே வெளிறிய பழுப்பைக் காட்டும். இன்னும் மோசமான பொறி ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஜேசி வைரஸால் பிஎம்எல் என்ற மூளை நோய் வரும். அந்த வைரஸிலும் எஸ்வி40 மாதிரியே ஒரு டி ஆன்டிஜென் இருக்கிறது. அது பி53-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயாப்ஸியில் விகாரமான பெரிய ஆஸ்ட்ரோசைட்டுகளும் அழுத்தமான பி53-யும் சேர்ந்து தெரிந்தால் கட்டி என்று எழுதிவிடத் தோன்றும். எச்ஐவி உள்ளவர் என்ற ஒரு வரி ரெக்விசிஷன் ஃபார்மில் இல்லாவிட்டால் தொலைந்தது. ஃபார்மை முழுதாக நிரப்பி அனுப்பச் சொல்லி நாங்கள் மன்றாடுவது சும்மா இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. சில மியூட்டேஷன்கள் புரதத்தைப் பாதியில் வெட்டிவிடும், அல்லது மரபணுவே கழன்று போயிருக்கும். அப்போது பி53 அறவே இல்லை, ஸ்லைடு முழுக்க நீலம். ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வரும். படிப்பவர் பி53 நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அதனால்தான் ரத்தக்குழாய்ச் சுவரிலும் லிம்போசைட்டுகளிலும் லேசான பழுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அங்கே இருந்து கட்டியில் மட்டும் துளியும் இல்லையென்றால் சந்தேகம் வர வேண்டும். நடைமுறைக்கு ஒரு கோடு கிழிக்கலாம். 2015இல் ஜப்பானியக் குழு ஒன்று 157 கிளையோமாக்களில் (ஆஸ்ட்ரோசைட்டோமா உள்ளிட்ட, மூளையின் துணைச் செல் வகைக் கட்டிகளில்) ஸ்டெயினையும் மரபணு வரிசையையும் ஒப்பிட்டு, அழுத்தமான பழுப்பு 10 சதவீதச் செல்களைத் தாண்டினால் மியூட்டேஷன் என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பொருந்துகிறது என்று கண்டது. பெரும்பாலும், அவ்வளவுதான். 15 சதவீதத்தில் நிற்கும் ஸ்லைடு எனக்கு இன்றும் தலைவலி. 70-ல் தலைவலி இல்லை.

உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் பி53 தனியாக நிற்கவும் இல்லை. பட்டியலில் அது ஒரு வரி. இந்தக் கட்டியின் ஆரம்பம் ஐடிஎச் மரபணுவில். கிளையோமாக்களில் ஐடிஎச்1 பிழை 2008இல்தான் தெரியவந்தது. ஒரே நோயாளியிடம் வெவ்வேறு சமயங்களில் எடுத்த பயாப்ஸிகளைப் பிறகு ஒப்பிட்டபோது, டிபி53 பிழை முதலில் வந்து ஐடிஎச் பிழை பின்னால் வந்த ஒரு கேஸும் அதில் இல்லை. ஆக ஐடிஎச் முந்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. டிபி53-உம் ஏடிஆர்எக்ஸ்-உம் கெட்டால் அது ஆஸ்ட்ரோசைட்டோமா. 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையும் சேர்ந்து கழன்றால் ஆலிகோடெண்ட்ரோகிளையோமா; அதில் டிபி53 பிழை அபூர்வம். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் பல சமயம் ஒன்றுபோல் இருக்கும். முன்பெல்லாம் ‘ஆலிகோஆஸ்ட்ரோசைட்டோமா’ என்று இரண்டையும் கலந்து எழுதித் தப்பித்துக்கொள்வோம். இப்போது அந்தச் சலுகை இல்லை. ஐடிஎச் பாசிட்டிவ், ஏடிஆர்எக்ஸ் இழப்பு, பி53 அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா என்று எழுதிவிடலாம், அந்தக் குரோமோசோம் கைகள் கழன்றனவா என்று பார்க்கும் 1பி/19க்யூ டெஸ்ட்டுக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த டெஸ்ட் ஏன் விடுபட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான். இந்த வகை ஆஸ்ட்ரோசைட்டோமாக்களில் பத்தில் எட்டுக்கு மேல் டிபி53 பிழை இருக்கும். அதாவது தம்பியின் ரிப்போர்ட்டில் பி53 பாசிட்டிவாக வந்தது எதிர்பார்த்த விஷயம். டாக்டர் அந்த வரியில் நிற்காமல் கடந்துபோனதும் அதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க கிளையோபிளாஸ்டோமாவைச் சொல்கிறேன், இணையத்தில் நீங்கள் படித்ததில் பாதி அதைப் பற்றியதாக இருக்கும். ஐடிஎச் பிழை இல்லாத, வயதானவர்களுக்கு அதிகம் வரும், வேகமான கட்டி அது. 2008இல் கேன்சர் ஜீனோம் அட்லஸ் திட்டம் வெளியிட்ட கணக்கில் 35 சதவீதத்தில்தான் டிபி53 மரபணு நேரடியாகக் கெட்டிருந்தது. ஆனால் அந்தப் பாதை ஏதோ ஓரிடத்தில் அறுந்திருந்தது 87 சதவீதத்தில். எம்டிஎம்2-வின் நகல்களைப் பெருக்கிக்கொண்டவை 14 சதவீதம். அதன் உறவான எம்டிஎம்4-ஐப் பெருக்கியவை 7. எம்டிஎம்2-வை அடக்கி வைக்கும் ஏஆர்எஃப் புரதத்தின் மரபணுவையே தொலைத்தவை ஏறக்குறைய பாதி. இந்தக் கட்டிகளில் பலவற்றில் பி53 ஸ்டெயின் வெளிறிக் கிடக்கும், பி53 மரபணு பழுதில்லாமல் இருக்கும், பயன் மட்டும் பூஜ்யம். எம்டிஎம்2 கூடிப்போனால் நல்ல பி53-க்கு நிற்க நேரமே கிடைப்பதில்லை. ஸ்டெயின் குறைவாக இருந்தால் தடுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வதும் தப்பு என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சரி, ஆயுள் கேள்விக்கு வருவோம். பெரியவர்களின் கிளையோமாக்களில் பி53 சதவீதத்தை வைத்து எவ்வளவு நாள் என்று கணிக்கப் பல ஆய்வுகள் முயன்றிருக்கின்றன. சிலவற்றில் கூடுதலாக இருந்தால் மோசம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. லேபுக்கு லேப் ஆன்டிபாடியும் கோடும் வேறு. பழைய ஆய்வுகளில் ஐடிஎச் உள்ளதையும் இல்லாததையும் கலந்து எண்ணியிருக்கிறார்கள். பி53 மியூட்டேஷன் உள்ளவர்கள் சற்று நன்றாக இருந்ததாக ஒரு காலத்தில் தோன்றியதும், அவர்களில் பலர் ஐடிஎச் உள்ளவர்களாகவும் இளையவர்களாகவும் இருந்ததால்தான் என்பது என் கருத்து. அந்த எண்ணை வைத்து இரவில் தூக்கம் கெட வேண்டாம். தம்பிக்கு உண்மையில் கனமான விஷயங்கள் வேறு: ஐடிஎச் பிழை இருக்கிறது என்பது நல்ல செய்தி, கிரேடு 2 என்பதும் அப்படியே, கட்டியை எவ்வளவு எடுக்க முடிந்தது, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் சிடிகேஎன்2ஏ மரபணுவின் இரண்டு நகல்களும் இருக்கின்றனவா என்பவை தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி அந்த இரண்டும் போயிருந்தால், மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் கட்டி கிரேடு 4.

குழந்தைகளின் மெடுல்லோபிளாஸ்டோமாவில் மட்டும் கதை மாறுகிறது. சிறுமூளையில் வரும் அந்தக் கட்டியில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற பிரிவு உண்டு. அதில் டிபி53 பிழை இருந்தால் அபாயம் நிஜமாகவே கூடுகிறது. 2013இல் வெளிவந்த ஆய்வில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் பிழை உள்ளோரில் 41 சதவீதம், இல்லாதோரில் 81. அதே நோயின் விண்ட் என்ற பிரிவில் டிபி53 பிழை இருந்தாலும் பெரிய பாதிப்பில்லை. ஒரே மரபணு, ஒரே உறுப்பு, ஒரே பெயர் கொண்ட கட்டி, அதற்குள்ளேயே இப்படி. எந்தக் கட்டி என்று சொல்லாமல் ‘பி53 பாசிட்டிவ் என்றால் மோசமா’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

குடும்பத்துக்கு வருமா? கட்டியில் தெரியும் டிபி53 பிழை பெரும்பாலும் அந்தச் செல்லில், வாழ்நாளில் விழுந்தது. விந்திலோ கருமுட்டையிலோ இல்லை, பிள்ளைக்குப் போகாது. பிறவியிலேயே ஒரு நகல் கெட்டு வருவது லி-ஃப்ராமெனி நோய்க்குறி. 1969இல் ஃபிரெடரிக் லி, ஜோசப் ஃப்ராமெனி என்ற இருவர் சில குடும்பங்களில் சின்ன வயதிலேயே சார்கோமா (எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்று), மார்பகப் புற்று, மூளைக்கட்டி என்று மாறி மாறி வருவதைக் கவனித்து எழுதினார்கள். காரணம் டிபி53 என்று 1990இல் தெரிந்தது. கட்டியில் போட்ட ஸ்டெயின் இதைச் சொல்லாது. ரத்தத்திலிருந்து மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். எல்லோருக்கும் அது தேவையில்லை. குழந்தைக்குக் கோராய்டு பிளெக்சஸ் கார்சினோமா என்ற மூளைக்கட்டி வந்தால், மேலே சொன்ன சோனிக் ஹெட்ஜ்ஹாக் மெடுல்லோபிளாஸ்டோமாவில் டிபி53 பிழை இருந்தால், அட்ரீனல் சுரப்பியில் புற்று வந்தால், அல்லது நெருங்கிய ரத்த உறவில் இளவயதுச் சார்கோமா, முப்பதுக்கு முன் மார்பகப் புற்று என்று இருந்தால் கட்டாயம் மரபணு ஆலோசகரிடம் போக வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்களில் எம்ஆர்ஐ மூலம் தொடர்ந்து கண்காணிக்க முறைகள் உண்டு, ரேடியேஷனையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சின்னக் குறிப்பும் உண்டு, ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாக வேண்டாம். லி-ஃப்ராமெனி உள்ளவர்களுக்கு வந்த ஆஸ்ட்ரோசைட்டோமாக்களை 2009இல் பார்த்தபோது, ஐடிஎச் பிழை இருந்தவற்றில் எல்லாம் அது ஆர்132சி என்ற ரகமாக இருந்தது. தம்பிக்கு இருப்பது இந்தக் கட்டி வருபவர்களில் பெரும்பாலோரிடம் தெரியும் ஆர்132எச். பார்த்தது வெகு சில கட்டிகள்தான். குடும்பத்தில் நான் மேலே சொன்ன வரலாறு எதுவும் இல்லையென்றால், தம்பி பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ இதற்காக டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை என்றே நான் சொல்வேன். இருந்தால், இந்தக் குறிப்பை மறந்துவிட்டு ஆலோசகரைப் பாருங்கள்.

மருந்து பற்றிக் கேட்காவிட்டாலும் அடுத்து அதைத்தான் தேடப்போகிறீர்கள். எம்டிஎம்2-வின் பிடியை விலக்கி பி53-ஐ விடுவிக்கும் நட்லின் வகை மருந்துகள் 2004இல் அறிமுகமாயின. ஆனால் விடுவிப்பதற்கு நல்ல பி53 இருக்க வேண்டும். கெட்டது குவிந்திருக்கும் கட்டியில் அதற்கு வேலை இல்லை. கெட்ட பி53-ஐ நிமிர்த்தும் முயற்சியில் வெகுதூரம் வந்த எப்ரெனெடபாப்ட், ரத்த நோய் ஒன்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த இலக்கைத் தொடவில்லை. மூளைக்கட்டிக்கு பி53-ஐக் குறிவைக்கும் மருந்து வழக்கமான சிகிச்சையில் எதுவும் இல்லை. மஞ்சள், கருஞ்சீரகம் பி53-ஐத் தூண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள், மாத்திரையாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வலிப்பு மாத்திரையோடும் கீமோவோடும் அது எப்படிச் சேரும் என்று விற்பவருக்குக் கவலை இல்லை.

தம்பியின் கட்டிக்கு உண்மையில் நகர்வு நடந்திருப்பது ஐடிஎச் பக்கம். வோராசிடெனிப் என்ற மாத்திரை, ஐடிஎச் பிழையுள்ள கிரேடு 2 கட்டிகளில் ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷனோ கீமோவோ இன்னும் எடுக்காதவர்களிடம் சோதிக்கப்பட்டு, 2023இல் முடிவு வந்தது: கட்டி மறுபடி வளராமல் இருந்த காலம் நடுமட்டமாக 27.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை பயமுறுத்தும். ஆயுளை நீட்டுகிறதா என்று சொல்ல இன்னும் வருடங்கள் வேண்டும். தம்பிக்குப் பொருந்துமா என்பது எம்ஆர்ஐயில் மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. புற்றுநோய் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது பி53 பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், வேறு லேபில் திரும்பப் போடவும் வேண்டாம். சிடிகேஎன்2ஏ பார்த்தாயிற்றா, பார்க்காவிட்டால் இருக்கும் பிளாக்கிலேயே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு மறுபடி ஆபரேஷன் தேவையில்லை, பிளாக்கில் திசு மிச்சமிருந்தால் போதும். இன்னொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்பதானால் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதில் கட்டி அதிகம் இருக்கிறது என்று லேபில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகும். எம்ஆர்ஐ சிடியும், ஆபரேஷனில் எவ்வளவு எடுத்தோம் என்று சர்ஜன் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியும் அதே பையில் இருக்கட்டும்.